அனாமத்துக் கணக்கு

கடவுளைப் பற்றி நம் பத்திரிகைகளில் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறோம். ஒன்று: கடவுள் இல்லை, நம்புகிறவன் ஏமாளி. இன்னொன்று: பெருந்தெய்வம் பார்ப்பானுடையது, சிறுதெய்வம் நம்முடையது, ஆகவே காட்டேரியும் கன்னியம்மாவும் கலகக்காரிகள். முதலாவதை எழுதுகிறவர் சேரியை விட்டு வந்து இருபது வருஷமாகியிருக்கும். இரண்டாவதை எழுதுகிறவர் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் கேமராவோடு சேரிக்குப் போகிறவராக இருப்பார். காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்ணின் கைப்பைக்குள் ஒரு சாமி படம் இருக்கிறதே, அது அவள் வாழ்க்கையில் என்ன வேலை பார்க்கிறது என்பதில் இந்த இரண்டு பேருக்கும் அக்கறை கிடையாது. அந்த வேலையைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்து சங்கதி. சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற அந்தக் கூட்டு ரோட்டில் விடியற்காலையில் ஒரு மணிநேரம் நின்று பாருங்கள். ஷிப்டு பஸ்ஸின் முன்கண்ணாடியில் முருகன். ஷேர் ஆட்டோவில் வேளாங்கண்ணி. ஒடிசாவிலிருந்து வந்த பையன் கழுத்தில் ஜெகந்நாதர். கம்பெனி கேட்டுக்கு உள்ளே வாஸ்து பார்த்து வைத்த பிள்ளையார். முதலாளி கொரியாக்காரனோ ஜப்பான்காரனோ, தேங்காய் மட்டும் நம்ம ஊர்த் தேங்காய். இவ்வளவு சாமி விவசாயம் நடந்த காலத்தில்கூட இந்த ரோட்டில் இருந்ததில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்திரம் வந்தால் சாமி போய்விடும் என்று நமக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். எந்திரம் வந்தது; சாமி இன்னும் நாலு மடங்கு ஆனது. ஏன்?

நம்புகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: "நம்ம கையில இன்னா இருக்குது? எல்லாம் மேல இருக்கறவன் பாத்துக்குவான்." இதைக் கேட்டதும் நம் தோழர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியத்தின் முதல் பாதி முழு உண்மை. இந்தச் சாலையில் வேலை செய்கிறவன் வாழ்க்கையைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், பிளஸ் டூவையும் டிப்ளமாவையும் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வீட்டுக்கு ஓடு போய்த் தளம் வந்தது. தங்கச்சி காலேஜுக்குப் போனாள். சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். 2014 ஏப்ரலில் அந்தக் கம்பெனி தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. வருமானவரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. பின்லாந்தில் ஒரு மேஜை, டெல்லியில் ஒரு கோப்பு, அமெரிக்காவில் ஒரு கையெழுத்து. இவை மூன்றில் எதையும் அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை. வேலை போன ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "குடுத்தவன் எடுத்துக்கினான் சார்." அவள் சொன்ன 'அவன்' கடவுள். ஆனால் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். கொடுத்தவன் ஒருவன் இருந்தான். எடுத்தவன் ஒருவன் இருந்தான். அவள் தவறவிட்டது பெயரை மட்டும்தான்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயை வரவு வைக்க முடியாது, பற்று எழுதவும் முடியாது. யார் பேரில் சேர்ப்பது என்று தெரியாத தொகை வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட ஒரு கணக்கு வைத்திருப்போம். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் என்பார்கள். பழைய கடைக் கணக்கர்கள் அழகாக அனாமத்து என்று எழுதுவார்கள். அனாமத்தில் கிடக்கும் தொகைக்கு சொந்தக்காரன் இல்லை என்று அர்த்தமில்லை. சொந்தக்காரன் யாரென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடிக்க யாருக்கும் இஷ்டமில்லை என்று அர்த்தம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்: இது ஏன் இத்தனை நாள் இங்கே கிடக்கிறது?

இந்தத் தொழிற்பேட்டையில் கடவுள் என்பது அப்படி ஒரு அனாமத்துக் கணக்கு. வேலை கிடைத்தால் அதில் வரவு. விரல் போனால் அதில் பற்று.

விரல் என்று உவமைக்காகச் சொல்லவில்லை. கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தார், கூடவே மகன். இருபத்திரண்டு வயது. டெபாசிட் போட வேண்டும். பையனின் கணக்கில் இருந்த மாதிரிக் கையெழுத்தும் இப்போது போட்டதும் ஒத்துப்போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இடது கையால் போட்டிருக்கிறான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில், பவர் பிரஸ்ஸில் போயிருக்கிறது. பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் அப்படி யூனிட்டுகள் நிறைய. புது மாதிரிக் கையெழுத்து வாங்க ஃபாரம் எடுத்தேன். அம்மா சொன்னார்:

"மாரியாத்தா காப்பாத்திட்டா தம்பி. அஞ்சும் போயிருக்க வேண்டிது. மூணோட வுட்டா."

பிறகு கம்பெனிக்காரர்களைப் பற்றி: "ரொம்ப நல்லவங்க. அவங்க வண்டியிலயே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்க. ரெண்டு லட்சம் கையில குடுத்தாங்க. சாமியா பாத்து அனுப்பின மனுசங்க."

இ.எஸ்.ஐ.யில் எழுதினார்களா என்று கேட்டேன். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது. "அதெல்லாம் வாணாம், கேசாயிடும்னு சொல்லிட்டாங்க தம்பி."

இப்போது கணக்குப் போடுவோம். தொழிலாளி உடம்புக்கு விலை எழுதிய அட்டவணை ஒன்று உண்டு. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு வந்தது, இ.எஸ்.ஐ. சட்டத்திலும் சேர்ந்தது. ஒரு கையில் நாலு விரல் போனால் 50 சதம். மூன்று விரல் போனால் 30. இரண்டு போனால் 20. கட்டைவிரல் ஒன்று மட்டும் போனாலே 30. ஆள்காட்டிவிரல் முழுசும் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. கசாப்புக்கடைப் பலகை மாதிரி இருந்தது. ஆனால் நாலைந்து தடவை படித்த பிறகு வேறொன்று தெரிந்தது. இந்த அட்டவணையில் தலையெழுத்து இல்லை. போன ஜென்மம் இல்லை. யார் தப்பு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும் என்றுகூடப் பொதுவாக இல்லை. வேலை செய்யும்போது போனதா? போனது. அப்படியானால் கொடு.

இ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தந்து அனுப்பிவிடும் வழக்கமில்லை. உயிரோடு இருக்கும் வரை தர வேண்டும் என்பதுதான் விதி. கூலியில் 90 சதத்தை அடிப்படையாக வைத்து, மருத்துவக் குழு சொல்லும் ஊன விகிதப்படி கணக்கிடுவார்கள். மாசக் கூலி 15,000 என்று வையுங்கள். 90 சதம் 13,500. அதில் 30 சதம் 4,050. இருபத்திரண்டு வயதுப் பையன் அறுபது வரை இருந்தால் 456 மாதம். பெருக்கினால் 18,46,800 ரூபாய். அறுபதுக்கு மேலும் உயிரோடு இருந்தால் அதுவும் சேரும். அந்த அம்மாவின் கையில் இருந்தது 2 லட்சம். மிச்சம் எங்கே போனது? மாரியாத்தா பேரில் பற்று எழுதப்பட்டுவிட்டது.

விரல் எப்படிப் போனது என்பதற்கும் வவுச்சர் உண்டு. பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் இருக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் டை கீழே இறங்கும். அப்படியென்றால் கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. உற்பத்தி எண்ணிக்கை ஏறவில்லை என்றால் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். கை குறுக்கே வந்தால் எந்திரத்தை நிறுத்துகிற சென்சார் இருந்தால் அதை பைபாஸ் பண்ணிவிடுவார்கள். எந்திரத்தின் அபாயமான பகுதிக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. வாகனத் தொழிலின் உதிரிபாகக் கூடங்களில் நசுங்கும் விரல்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019இலிருந்து 'கிரஷ்ட்' என்ற பேரில் அறிக்கை போட்டு வருகிறது. குர்கான், மானேசர் பக்கமும் இதே பவர் பிரஸ், இதே வேலை செய்யாத சென்சார். அங்கே மாரியாத்தா கிடையாது, வேறு சாமி இருப்பார்.

விபத்து நடந்த மறுநாள் அந்தப் பிரஸ்ஸுக்கு என்ன செய்தார்கள் என்று பையனைக் கேட்டேன். பூசணிக்காய் உடைத்தார்களாம். கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் கட்டி, மத்தியானத்துக்குள் அடுத்த ஆளை நிற்க வைத்துவிட்டார்கள். டேப்பைப் பிரித்தார்களா? அது அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சக்தியின் பயன் இதுதான். அம்மாவுக்கு அவள் ஆறுதல். சூப்பர்வைசருக்கு அவள் செலவு மிச்சம்.

பாபாசாகேப் இதை வேறு இடத்திலிருந்து பிடித்தார். 1957இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், போன பிறவியின் வினை இந்தப் பிறவியைத் தீர்மானிக்கிறது என்ற கொள்கையைப் புத்தருடையதல்ல என்று தள்ளிவிட்டு, இப்படி ஒரு கொள்கை எதற்காக வேண்டியிருந்தது என்று கேட்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைமைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் நழுவிக்கொள்ள உதவுவதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் தெரியவில்லை என்பது அவர் விடை. எவ்வளவு நிதானமான கேள்வி பாருங்கள்! கர்மா உண்மையா பொய்யா என்ற வாதத்தில் அவர் மாட்டிக்கொள்ளவில்லை. அது யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்டார். 1942இலிருந்து 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர் அவர். வினைப்பயன் என்ற வார்த்தைக்குப் பின்னால் எந்த ஃபைல் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

இந்த மண்ணுக்கு இது பழைய வியாதி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் ஜில்லா கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலம் மிராசுதாரிடம், குடியிருக்கும் மனைகூட நிச்சயமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வைக்கலாம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் ஆரம்பம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் இதே ஜில்லாவில் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் 'த பறையா பிராப்ளம்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அவர் வாதம் இது: பறையன் பிரச்சினை நிலத்தின் பிரச்சினையாக, கொத்தடிமை உழைப்பின் பிரச்சினையாக எழுந்து வந்தபோது, மிஷனரியும் அதிகாரியும் மேல்சாதி சீர்திருத்தக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மதத்தின் பிரச்சினையாக, ஆன்மாவின் பிரச்சினையாக மாற்றிவிட்டார்கள். நிலம் கேட்டவனுக்குக் கோயில் கதவைக் காட்டினார்கள். அந்தக் கதவையும் திறக்கவில்லை என்பது தனிக்கதை.

கதவு என்றதும் ராமானுசரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1017இல் இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய 'தானுகந்த திருமேனி' இருக்கிறது. திருக்குலத்தார் என்று நம்மாட்களுக்குப் பேர் வைத்தவர், கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை எல்லாருக்கும் சொன்னவர் என்று கதை சொல்வார்கள். இருக்கட்டும். அதே வைணவக் கதைகளில் இன்னொன்று உண்டு, அதை யாரும் உபன்யாசத்தில் நீட்டிச் சொல்வதில்லை. ஆளவந்தாரின் சீடர் மாறனேரி நம்பி நம்ம ஆள். அவர் இறந்தபோது ராமானுசரின் குருவான பெரிய நம்பி பிராமணனுக்குச் செய்யும் சடங்கோடு அடக்கம் செய்தார். அதற்காக ஸ்ரீரங்கத்து அக்ரகாரம் பெரிய நம்பியைச் சாதிநீக்கம் செய்து ஒதுக்கி வைத்தது. அடியார் கூட்டத்துக்குள் சமம். தெருவுக்கு வந்தால் தள்ளிவைப்பு. 2022 பிப்ரவரியில் ஐதராபாத் பக்கத்தில் முச்சிந்தலில் இவருக்கு 216 அடியில் சிலை வைத்து அதற்குச் சமத்துவச் சிலை என்று பேர் சூட்டினார்கள். கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று சொல்வது வேறு, மனிதர்கள் சமம் என்று சொல்வது வேறு. முதலாவதால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வராது என்று 'சாதி ஒழிப்பு' சர்ச்சையில் காந்திக்குப் பதில் எழுதும்போதே அம்பேத்கர் சொல்லிவிட்டார். 216 அடி உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் சமமாகத்தான் தெரிவார்கள்.

கீழே நின்று பார்த்தால் எப்படி என்பதற்கு வல்லக்கோட்டை. ஒரகடத்துக்குப் பக்கம், ஏழடி முருகன். வேலை வேண்டும், வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொழிற்பேட்டையே அங்கே போகிறது. 2025 ஜூலை 7ஆம் தேதி குடமுழுக்கு. அன்றைக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைவர், நம் சமூகத்தவரான செல்வப்பெருந்தகை. அவரை மேலே ஏற விடாமல் தடுத்து நிறுத்தியதாகச் செய்தி வந்தது. இது இரண்டாயிரம் வருஷத்துப் பிரச்சினை, ஒரே நாளில் தீராது என்ற பொருளில் அவரே வருத்தத்தோடு பேசினார். பாகுபாடு எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். எது எப்படியோ, ஒரு கட்சியின் மாநிலத் தலைவருக்கே படிக்கட்டில் விளக்கம் தேவைப்படுகிறது. காண்ட்ராக்ட் லேபருக்கு விளக்கம்கூடக் கிடையாது. அவன் அந்தப் படி வரை போவதே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'அப்புறம் என்ன, சாமியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே' என்று தோழர்கள் கேட்பார்கள். இங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.

ஹாஸ்டலில் ஒரு அறைக்குள் நிறையப் பேராகப் படுத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூங்குவதற்கு முன்னால் சேர்ந்து ஜெபம் பண்ணுகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஒருத்திக்கு மாதவிலக்கு வலி என்பது மற்றவளுக்குத் தெரிகிறது. லைன் லீடர் என்ன வார்த்தை சொன்னான் என்பது வெளியே வருகிறது. "ஆண்டவரே, அவனுக்கு நல்ல புத்தி குடும்" என்று வேண்டிக்கொள்கிற பெண், அந்த வேண்டுதல் வழியாக ஒரு புகாரைப் பத்துப் பேர் காதில் போட்டுவிட்டாள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மற்றவர்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்தவர்களில் சாமி கும்பிடாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கடவுள் மறுப்பு உறுதிமொழி வாங்கிக்கொண்டா அவர்களை உட்காரச் சொல்ல முடியும்?

நான் கண்ட வரையில் நம்பிக்கை என்பது பாதிக்கு மேல் அவர்களுடைய சொந்த பலம்தான். காலை நாலு மணிக்கு எழுப்புவது, பயத்தை அடக்குவது, தம்பியின் ஃபீஸைக் கட்ட வைப்பது எல்லாம் அவளே. செய்த வேலையை அவள் வேறொருத்தர் பேரில் வரவு வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அந்த வரவைப் போய்க் கிழித்தால் அவள் நம்மைத்தான் திருடன் என்பாள். வெறும் 'கடவுள் இல்லை' என்பது அனாமத்துக் கணக்கை மூடிவிட்டுத் தொகையை எங்கே எழுதுவது என்று சொல்லாமல் போகிற குமாஸ்தாவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடம் காலியாகவே இருக்கும். காலியிடத்துக்கு இன்னொருத்தன் குங்குமத்தோடு வந்து நிற்பான். இப்போதே வந்து நிற்கிறான், விநாயகர் சதுர்த்திக்கு சேரிப் பையன்களுக்கு டீ-ஷர்ட் கொடுத்துக்கொண்டு.

சிறுதெய்வத்தைக் கவிதையாக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் கவிதை எழுதுகிறவன். கன்னியம்மாவைப் படிமமாக்குவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கவிதையில் கலகம் செய்கிற அம்மன் அந்தப் பிரஸ் ஷாப்பில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பேசாமல்தான் நின்றாள்.

அயோத்திதாசப் பண்டிதர் செய்தது வேறு. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர், 1907இலிருந்து 'தமிழன்' இதழ் நடத்தியவர். ஆடி மாதத்து அம்மன் வழிபாட்டை அவர் கேலி பண்ணவில்லை, அப்படியே தூக்கிக் கொண்டாடவும் இல்லை. அம்மன் என்பவள் அம்பிகை என்ற பௌத்தப் பிக்குணி, வைசூரி கண்டவர்களுக்கு வேப்பிலையால் மருத்துவம் பார்த்தவள், அவள் நினைவைத்தான் நீங்கள் கொண்டாடுகிறீர்கள் என்று எழுதினார். சரித்திரப்படி சரியா என்று பேராசிரியர்கள் சண்டை போடட்டும். அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத சக்தியிடமிருந்து அவளுடைய வேலையைப் பிரித்தெடுத்து, கை கால் உள்ள ஒரு பெண்ணிடம் கொடுத்தார். வேப்பிலைக்கு வவுச்சர் போட்டார். கூழ் அப்படியே இருக்கிறது, பறை அப்படியே இருக்கிறது, கும்பிடுகிற அம்மா அவமானப்படவில்லை. ஆனால் கும்பிடப்படுவது இப்போது ஒரு வைத்தியச்சி.

அனாமத்தைத் தீர்ப்பது என்றால் இதைத்தான் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, முக்கியமான கோரிக்கை கூலி உயர்வுகூட இல்லை, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பது. எங்களைத் தீர்மானிக்கிறவர் யாரோ அவர் எதிரே வந்து உட்காரட்டும், முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பந்தலில் இருந்தவர்களில் நெற்றியில் விபூதி இருந்தவர்களும் உண்டு, சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு யாரும் பகுத்தறிவு வகுப்பு எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதவனைக் கண் முன்னால் வரச் சொல்லும் வேலையை அவர்கள் அதற்குள் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் பேரையும், என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்பதையும் டெபாசிட் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அம்மா, "சாமி குடுத்தது போதும், கேஸு கீஸுன்னு போவாத" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை இடது கையால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போனானா என்று தெரியாது.

போன ஆடியில் நாங்கள் நாலைந்து பேர் அந்த விரல் அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சேரிக்குள் அம்மன் கோயில் சுவரில் ஒட்டலாம் என்று போனோம். எங்களிலேயே இரண்டு பேர் கோயில் சுவரில் ஒட்ட மாட்டோம், கொள்கைக்கு விரோதம் என்று தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். அந்தத் தர்க்கம் அரைமணி நேரம் ஓடியது. கூழ் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கூழிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துப் பசைக்குக் கொடுத்தார்கள். ஒட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு ஆயா சுண்டுவிரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இத்துக்கு ஏழுதானா நைனா? யார்ரா அவன், ஏழுன்னு எழுதுனவன்?"